300 பேர் வகுப்பில் புரொபசர் வேலை எது, டிஏ வேலை எது?

தாமிரபரணி:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பிஎச்டி சேர்ந்திருக்கிறேன். முதல் வருடம் முழுக்க டிஏஷிப், அதாவது புரொபசருக்குப் பாடம் நடத்த உதவும் டீச்சிங் அசிஸ்டென்ட் (டிஏ) வேலை, என்று ஆஃபர் லெட்டரிலேயே இருந்தது. நேற்று டிபார்ட்மெண்டிலிருந்து மெயில் வந்தது. முதலாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பு, 300 மாணவர்கள், அதில் மூன்று செக்‌ஷன் என் பொறுப்பு. புரொபசர் பெரிய ஹாலில் லெக்சர் எடுப்பார். நான் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் வாரம் ஒரு முறை கணக்கு போட வைக்க வேண்டும், ஆபிஸ் ஹவர்ஸ் உட்கார வேண்டும், மிட்டெர்ம் பேப்பர் திருத்த வேண்டும்.

நான் படித்தது பாளையங்கோட்டையிலும் பிறகு சென்னையிலும். அங்கே ஒரு பேப்பர் என்றால் ஒரு சார்தான். பாடம் நடத்துவது, இன்டர்னலுக்குக் கேள்வி எடுப்பது, திருத்துவது, அட்டெண்டன்ஸ் எல்லாமே அவர்தான். செமஸ்டர் பேப்பரை மட்டும் டம்மி நம்பர் போட்டு முகம் தெரியாத யாரோ திருத்துவார்கள். இங்கே என்னைவிட நாலு வயது சின்னப் பையனுக்கு நான் மார்க் போட வேண்டும், அவன் நேராக என்னிடம் வந்து ஏன் குறைத்தாய் என்று கேட்பான் என்கிறார்கள். அவன் கிரேடைத் தீர்மானிக்க எனக்கு என்ன தகுதி? லெக்சரில் புரொபசர் ஒரு மாதிரி சொல்லி நான் வேறு மாதிரி சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அப்புறம் இதெல்லாம் சேர்த்து வாரம் 20 மணி நேரத்துக்குள் முடியுமா? சீனியர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தம்பி, வாழ்த்துகள். நான் மதுரைக்காரி. இங்கே டிஏவாக இருந்துதான் பிஎச்டி முடித்தேன், இப்போது டீச்சிங் டிராக்கில், அதாவது கற்பிப்பதையே முதன்மையாகக் கொண்ட வேலையில், பெரிய வகுப்புகளை எடுக்கிறேன். டிஏ வேலையும் பார்த்திருக்கிறேன், டிஏக்களிடம் வேலை வாங்கவும் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கிரேடு. மார்க் போடுவது நீ, ஆனால் அதற்குப் பொறுப்பு புரொபசர். செமஸ்டர் முடிவில் கிரேடை ரெஜிஸ்ட்ராருக்குச் சமர்ப்பிப்பதும் அவர்தான். ஒரு மாணவன் அப்பீல் போனால் பதில் சொல்ல வேண்டியதும் அவரே. ஆகவே தகுதி பற்றிய பயத்தை விடு. உனக்குத் தேவை ரூப்ரிக். எந்தப் படிக்கு எத்தனை மார்க், எந்தத் தப்புக்கு எவ்வளவு குறைப்பு என்று எழுதி வைத்த தாள். அது இல்லாமல் பேனாவை எடுக்காதே. "உங்கள் கணிப்புப்படி போடுங்கள்" என்று புரொபசர் சொன்னால் மரியாதையாகத் திரும்பக் கேள். ஆறு டிஏ ஆறு விதமாகத் திருத்தினால் அடி விழுவது பிள்ளைகளுக்கு.

நேரம். உன் லெட்டரில் 50 சதவீத அப்பாயின்ட்மென்ட் என்று இருக்கும், அதற்கு அர்த்தம் வாரம் சராசரி 20 மணி. எஃப்-1 என்ற மாணவர் விசாவிலும் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ் வேலைக்கு அதுதான் உச்சவரம்பு. அதனால் ஒரு வாரம் கூடப் போனால் போகட்டும் என்று விட முடியாது, உனக்கு அது சட்டப் பிரச்சினை. முதல் நாளிலிருந்து ஒரு ஷீட்டில் மணிக் கணக்கு எழுது. செக்‌ஷன் எத்தனை, தயாரிப்பு எத்தனை, திருத்தல் எத்தனை, மெயில் எத்தனை. மெயிலை நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதில்லை, அது வாரத்துக்கு மூன்று மணி நேரம் தின்னும்.

இப்போது நீ கேட்காத ஒன்று. பெரிய வகுப்பில் புரொபசர் வேலை லெக்சர் என்று எல்லோரும் நினைக்கிறோம், பல புரொபசர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 300 பேர் வகுப்பில் அவர் முதல் வேலை டிஏக்களைத் தயார் செய்வது. வாரம் ஒரு மீட்டிங், அந்த வார செக்‌ஷனில் போடப் போகும் கணக்கை டிஏக்களே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது, மாணவன் எங்கே வழுக்குவான் என்று பேசுவது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட் அம்மையார் கட்டிய இயற்பியல் கல்விக் குழு இதைப் பல ஆண்டுகள் முறையாகச் செய்து காட்டியது. மாணவர்களுக்குக் கொடுக்கும் முன்தேர்வை டிஏக்கள் முதலில் எழுத வேண்டும், மாணவர்கள் போலவே சின்னக் குழுவாக உட்கார்ந்து அந்த வாரப் பயிற்சியைச் செய்ய வேண்டும். அந்த முன்தேர்வில் பிஎச்டி மாணவர்களே தடுமாறும் கேள்விகள் இருக்கும். எங்கே குழப்பம் வரும் என்று தானே பட்டுத் தெரிந்துகொண்டவன்தான் வகுப்பில் சரியான கேள்வி கேட்பான்.

உன் வகுப்பில் வார மீட்டிங் உண்டா? அதை முதலில் கேட்டு எழுது.

கொங்குநாடன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், பையன் வேறு மாநிலத்தில் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். வெளி மாநிலம் என்பதால் ஃபீஸ் அதிகம், வீட்டில் எல்லாக் கணக்கும் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. சேரும்போது அந்தப் பேராசிரியர் இவ்வளவு பெரிய ஆள், இந்த விருது வாங்கியவர் என்று பிரோஷரில் போட்டிருந்தார்கள். பையன் அவரைப் பார்ப்பது இருபதாவது வரிசையிலிருந்து. சந்தேகம் கேட்பது டிஏவிடம், திருத்துவது டிஏ, மெயிலுக்குப் பதில் டிஏ. அந்த டிஏவும் பாவம், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

நான் படித்தது கோவையில் ஒரு அரசு பொறியியல் கல்லூரி. எங்கள் வாத்தியார்களுக்கு நோபல் கிடையாது, ஆனால் யார் பின்பெஞ்சில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். இங்கே நான் எதற்குப் பணம் கட்டுகிறேன்? இதைக் கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறேன்.

அடையாறு_ஆலமரம்:

கொங்குநாடன் சார், பேர் சொல்லிக் கூப்பிட்டது வகுப்பில் 60 பேர் இருந்ததால். 300 பேர் ஹாலில் எவ்வளவு நல்ல மனுஷனாலும் முடியாது.

ஐஐடி பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இங்கே பிஎச்டி ஃபெலோஷிப் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்டெக் வருபவர்களுக்கு 12,400. இதற்குப் பதிலாக வாரம் எட்டு மணி நேரம் டிபார்ட்மெண்ட் வேலை. பேப்பரில் பார்த்தால் அமெரிக்க 20 மணியைவிடச் சுகம். நடைமுறையில் அந்த எட்டு மணி யாருக்கு எப்படி விழும் என்பது முழுக்கப் புரொபசரைப் பொறுத்தது. ஒருவருக்கு லேப் முழுக்கத் தலையில் விழும், இன்னொருவர் செமஸ்டர் பூராவும் க்விஸ் ஹாலில் மேற்பார்வை மட்டும் பார்த்துவிட்டு மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கிப் போவார். மாணவனோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். கற்பிக்கும் வேலை என்று பெயர், ஆனால் கற்பித்தல் என்ற பகுதியே அதில் இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய குறை.

ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்களில் இதற்கு நேர்மாறு. அங்கே புரொபசர் வீடியோ எப்போதோ எடுத்தது, கோர்ஸ் ஓடும் வாரங்களில் ஆயிரக்கணக்கான பேர் ஃபோரத்தில் கேள்வி கேட்கும்போது உட்கார்ந்து பதில் எழுதுவது டிஏக்கள்தான். அசைன்மென்ட் கேள்வியில் பிழை இருந்தால் கண்டுபிடிப்பதும் அவர்களே. திருச்சியிலோ தர்மபுரியிலோ இருந்து படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஐஐடி என்பது அந்த டிஏ எழுதும் நாலு வரிப் பதில்தான். அந்த நாலு வரி நன்றாக இருந்தால் அவள் அடுத்த வாரமும் வருவாள்.

வைகைக்கரை:

கொங்குநாடன் சார், உங்கள் கேள்வி நியாயமானது. ஒளித்து மறைக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் புரொபசருக்கு டென்யூர் என்ற நிரந்தர வேலை கிடைப்பது முதன்மையாக ஆராய்ச்சியை வைத்து. நன்றாகப் பாடம் எடுத்தால் பாராட்டுவார்கள், வேலை நிற்பது ஆராய்ச்சிப் பேப்பரிலும் கிராண்ட் என்ற ஆராய்ச்சி நிதியிலும். அதனால் பிரோஷரில் இருக்கும் பெரிய மனிதர் உங்கள் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்க அங்கே வழியே கிடையாது. சேரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆனால் பெரிய பெயர் இல்லாததால் பையன் கற்றுக்கொள்வது குறையும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்ல் வீமன் என்று ஒருவர், 2001-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், பிறகு இயற்பியல் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதையே ஆராயப் போனார். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் குழு ஒரு சோதனை செய்தது, 2011-ல் சயன்ஸ் இதழில் வந்தது. முதலாண்டு இயற்பியல், இரண்டு பெரிய பிரிவு, ஒவ்வொன்றிலும் 260-க்கு மேல் மாணவர்கள். ஒரு வாரம் மட்டும் ஒரு பிரிவில் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலிப் பேராசிரியர் வழக்கம்போல் லெக்சர் எடுத்தார். இன்னொரு பிரிவை அனுபவம் குறைந்த, ஆனால் முறைப்படி பயிற்சி பெற்ற ஒரு போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த ஆராய்ச்சியாளர்) எடுத்தார். முன்கூட்டிப் படித்து வரச் சொல்லி, வகுப்பில் கேள்வி கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேச வைத்து. ஒரே தேர்வு வைத்தார்கள். லெக்சர் பிரிவின் சராசரி 41 சதவீதம், மற்ற பிரிவு 74.

ஒரு வாரச் சோதனைதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் பயிற்சிக்கு இருக்கும் பலம் அதில் தெரிகிறது. அதனால் நீங்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. என் பையனுக்குச் சொல்லித் தரும் டிஏவுக்கு யார், எத்தனை மணி நேரம், என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் ஆகஸ்ட்டில் ஒன்றிரண்டு நாள் ஓரியன்டேஷன், அதிலும் பாதி நேரம் எச்ஆர் ஃபாரம். அதோடு சரி. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில் ஸ்காபரோ. இரண்டு இடத்து அனுபவமும் இருப்பதால் எழுதுகிறேன்.

இலங்கையில் முதல் வகுப்பில் சித்தியடைந்த பிள்ளைகளைப் பட்டம் முடிந்த கையோடு தற்காலிக உதவி விரிவுரையாளராகவோ போதனாசிரியராகவோ எடுப்பார்கள். நேற்று வரை கன்டீனில் ஒன்றாக இருந்து கதைத்தவர் இன்றைக்கு எங்களுக்கு டியூட்டோரியல் எடுக்க வருவார். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். முதல் வருடத்தில் அரைவாசிப் பேருக்கு விளங்காது, கேட்கவும் வெட்கம். டியூட்டோரியலில் அந்த அண்ணாவோ அக்காவோ கதவைச் சாத்திவிட்டு "சரி, எது விளங்கவில்லை" என்று தமிழில் கேட்கும்போதுதான் பாடம் தொடங்கும். தமிழில் படித்து வந்த எத்தனையோ பேர் முதலாம் வருடத்தைத் தாண்டியது அவர்களால்தான். அவர்களுக்கு அந்த வேலை ஒரு வருடமோ இரண்டு வருடமோ, பிறகு ஒப்பந்தம் முடிந்து போய்விடும். படிப்பிக்கப் பழகி வரும் நேரம் ஆளை அனுப்பிவிடுகிறார்கள்.

கனடாவில் டிஏ வேலை தொழிற்சங்கத்துக்குள் வருகிறது. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் செமஸ்டர் தொடக்கத்தில் கடமைகளையும் மணித்தியாலங்களையும் பிரித்து எழுதிய ஒரு படிவத்தில் பேராசிரியரும் டிஏயும் கையெழுத்து வைக்க வேண்டும். எத்தனை பேப்பர், ஒரு பேப்பருக்கு எத்தனை நிமிடம் என்று வரைக்கும் போடலாம். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் அந்தத் தாள் இருந்தால் பேராசிரியரே முன்கூட்டி யோசிக்க வேண்டி வருகிறது. 75 பேப்பருக்கு ஐந்து மணித்தியாலம் என்று எழுதும்போது ஒரு பேப்பருக்கு நாலு நிமிடம்தான் என்று அவருக்கே தெரியும். நாலு நிமிடத்தில் பின்னூட்டம் எழுத முடியுமா? முடியாது. அப்ப ஒன்றில் கேள்வியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைக் கூட்ட வேண்டும்.

டிஏ இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை யோர்க் பல்கலைக்கழகத்தில் 2018-ல் பார்த்தோம். மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் 143 நாள் போனது, கடைசியில் மாகாண அரசு சட்டம் போட்டுத்தான் முடித்தது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறவர்கள். எத்தனையோ வகுப்பு பாதியில் நின்றது. படிப்பிக்கும் வேலையில் எவ்வளவு பங்கு யார் தோளில் இருக்கிறது என்று அப்ப எல்லாருக்கும் விளங்கியது.

அடையாறு_ஆலமரம்:

கலிஃபோர்னியாவிலும் இதேதான். 2022 நவம்பர் 14-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களிலும் சேர்த்து 48,000 பேர் வேலைநிறுத்தம், டிஏ, ஆராய்ச்சி உதவியாளர், போஸ்ட்டாக் எல்லோரும். ஆறு வாரம் போல நடந்தது, ஃபைனல் திருத்த ஆளில்லை. முடிவில் டிஏக்களின் குறைந்தபட்ச ஊதியம் ஒன்பது மாதத்துக்கு 23,000 டாலர் போல இருந்தது 2024-க்குள் 34,000 டாலர் அளவுக்குப் போனது.

ரைன்நதி:

ஜெர்மனியிலிருந்து. இங்கே முறையே வேறு, சொன்னால் தாமிரபரணிக்கு உபயோகமாக இருக்கும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் லெக்சரோடு "யூபுங்" என்று ஒரு பயிற்சி வகுப்பு கட்டாயம் இருக்கும். வாரா வாரம் ஒரு கணக்குத் தாள் வரும், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் திருத்துவதும் பயிற்சி வகுப்பு எடுப்பதும் மேல் வகுப்பு மாணவர்கள், "ஹீவி" என்போம். பல பாடங்களில் இந்தத் தாள்களில் பாதி மார்க் எடுத்தால்தான் தேர்வு எழுதவே அனுமதி. ஆனால் தேர்வு மார்க்தான் கிரேடு, அந்தத் தேர்வுக்குப் பொறுப்பு பேராசிரியர். ஆக, கற்றுக்கொள்ள உதவுகிறவர் ஒருவர், கிரேடு கொடுப்பவர் வேறொருவர். ஹீவியிடம் போய் யாரும் மார்க்குக்குக் கெஞ்ச மாட்டார்கள், புரியவில்லை என்று தைரியமாகச் சொல்வார்கள். டிஏ முறையில் இந்த இரண்டும் ஒரே ஆள் கையில் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. தன் கிரேடைக் கையில் வைத்திருப்பவனிடம் "எனக்கு அடிப்படையே தெரியாது" என்று எந்த மாணவன் சொல்வான்?

இன்னொன்று, இங்கே வர நினைப்பவர்களுக்கு. மாணவர் விசாவில் வருடம் 140 முழு நாள்தான் வேலை செய்யலாம், 2024 மார்ச்சுக்கு முன் 120 நாளாக இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் ஹீவி வேலை அந்தக் கணக்கில் வராது.

தாமிரபரணி:

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை அக்கா சொன்னபடி புரொபசருக்கு எழுதினேன், வார மீட்டிங் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை. ரூப்ரிக் "மிட்டெர்ம் நெருங்கும்போது பேசுவோம்" என்றார்.

ஒரு பயம் சொல்லாமல் விட்டேன். என் இங்கிலீஷ். ஸ்பீக்கிங் டெஸ்ட் பாஸ், ஆனால் முதல் செக்‌ஷனில் பின்னால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வேகமாகப் பேசி முடித்துவிடலாம் என்றே தோன்றுகிறது.

கொங்குநாடன்:

தம்பி, என் பையனும் தன் டிஏ பேசுவது புரியவில்லை என்று ஒரு முறை சொன்னான். அந்த டிஏ எந்த நாடு என்றுகூட அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னான், "அவர் போர்டில் எழுதினால் புரிகிறதப்பா". அதனால் எழுது.

வைகைக்கரை:

சார் சொன்னது தங்கம். 1980-களில் இங்கே பல மாநிலங்கள் வெளிநாட்டு டிஏக்களுக்கு ஆங்கிலத் தேர்வு வேண்டும் என்று சட்டமே போட்டன, பெற்றோர் புகார்தான் காரணம். நீ எழுதிய டெஸ்ட் அதிலிருந்து வந்த வழக்கம். தேர்வு வைத்தார்களே தவிர, வகுப்பை எப்படி நடத்துவது என்று சொல்லித் தர அதே அக்கறை காட்டவில்லை.

வேகத்தைக் குறை. நம் ஊரில் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம், அதுதான் அவர்களுக்குப் பிடிபடாது. புதிய சொல் வரும்போதெல்லாம் போர்டில் எழுது. கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி சும்மா நில், அந்த அமைதியைப் பார்த்து நீயே பதில் சொல்லிவிடாதே. அவர்களை மூன்று மூன்று பேராக உட்கார வைத்து அவர்கள் பேச, நீ சுற்றி வந்து கேள். 50 நிமிடத்தில் நீ பேசுவது 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உன் உச்சரிப்பு அப்போது பெரிய விஷயமாகவே இருக்காது.

ரைன்நதி சொன்ன குறையும் உண்மை. நான் அதற்காக எங்கள் வகுப்பில் ஒரு டிஏ தன் செக்‌ஷன் பேப்பரைத் திருத்தக் கூடாது என்று வைத்திருக்கிறேன். கேள்வியைப் பிரித்துக்கொள்வோம், ஒரு கேள்வி முழுவதும், 300 பேப்பருக்கும், ஒரே ஆள். பேர் மறைத்து. மாணவன் தன் டிஏவிடம் வரும்போது மார்க் போட்டது அவர் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

குறிஞ்சிமலர்:

நான் இளங்கலை மாணவி, சிஎஸ். எங்கள் வகுப்பில் டிஏவும் இளங்கலைதான், போன வருடம் இதே பாடம் படித்தவள். புரொபசரிடம் கேட்கப் பயமாக இருப்பதை அவளிடம் கேட்டுவிடுவேன். அவளுக்கு எந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று உடனே தெரிகிறது, போன வருடம் அவளும் அங்கேயே நின்றவள்.

ஒரு கேள்வி. எல்லாவற்றையும் சாட்ஜிபிடியிடம் கேட்கும் காலத்தில் டிஏ எதற்கு என்று வகுப்பிலேயே சிலர் பேசுகிறார்கள். உங்கள் கருத்து?

அடையாறு_ஆலமரம்:

இது சாட்ஜிபிடிக்கு முன்பே வந்த கேள்விதான். ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் தன் ஆன்லைன் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் 2016-ல் "ஜில் வாட்சன்" என்று ஒரு டிஏவை ஃபோரத்தில் விட்டார், அது ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் என்ற செயற்கை நுண்ணறிவை வைத்துக் கட்டிய புரோகிராம். செமஸ்டர் முடியும் வரை அது ஆள் இல்லை என்று பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியவில்லை. அது பதில் சொன்னது பெரும்பாலும் அசைன்மென்ட் எப்போது, எந்த ஃபார்மட் என்ற மாதிரிக் கேள்விகளுக்கு. அந்த வகைக் கேள்விதான் டிஏவின் பொழுதைத் தின்பது, அதை மெஷின் பார்த்தால் நல்லது. ஆனால் உன் டிஏ உன் முகத்தைப் பார்த்து "நீ முந்தின வரியிலேயே தவறிவிட்டாய்" என்று சொல்வது வேறு வேலை. நீ கேட்கத் தெரியாமல் விட்ட கேள்வியை அவள் கேட்கிறாள்.

தாமிரபரணி:

மிட்டெர்ம் முடிந்து திரும்ப வருகிறேன். நடந்ததை எழுதுகிறேன், அடுத்து டிஏ ஆகிறவர்களுக்கு உதவும்.

சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்குகிறது, உராய்வு உண்டு, முடுக்கம் கேட்டிருந்தோம். 10 மார்க். மாணவர்களில் நிறையப் பேர் செங்குத்து விசையை (தளம் கட்டையைத் தள்ளும் நார்மல் ஃபோர்ஸ்) எம்ஜி என்றே எழுதிவிட்டார்கள், காஸ் தீட்டா இல்லை. அதற்குப் பிறகு எல்லாப் படியும் சரி, விடை மட்டும் ஜி பெருக்கல் (சைன் தீட்டா கழித்தல் மியூ) என்று வருகிறது, மியூவுக்குப் பக்கத்தில் காஸ் இல்லாமல். திருத்த ஆரம்பிப்பதற்கு முன் ஆளுக்குப் பத்துப் பேப்பர் எடுத்து மீட்டிங்கில் ஒப்பிட்டுப் பார்த்தோம். இதே தப்புக்கு ஒரு டிஏ 8 போட்டிருந்தார், ஒருவர் 4, நான் 6. எல்லோரும் தான் போட்டதுதான் நியாயம் என்று நம்பினோம். 4 போட்டவர் சொன்னது, "இந்தப் பாடத்தின் உயிரே அந்த காஸ்தான், அது தெரியாவிட்டால் வேறு என்ன தெரியும்". 8 போட்டவர், "ஒரு தப்புக்கு ஒரு முறைதான் அடிக்க வேண்டும்".

புரொபசர் அப்போதுதான் வாய் திறந்தார். விசைப் படம் வரைந்தானா, அதில் செங்குத்து விசை தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். படம் சரியாக இருந்து கூறு பிரிக்கும்போது விட்டிருந்தால் 2 மார்க் குறைப்பு, படமே தப்பு அல்லது படமே இல்லை என்றால் 4. அரை மணி நேரத்தில் ரூப்ரிக் எழுதி முடித்தோம். அதைத் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் படத்தைப் பற்றி யோசித்திருக்க மாட்டேன் என்று அவரே சொன்னார், பேப்பரைப் பார்த்துவிட்டு நாங்கள் சண்டை போட்டதால் வந்தது. கிரேட்ஸ்கோப் என்ற ஆன்லைன் திருத்தும் மென்பொருளில் திருத்தியதால் நடுவில் ரூப்ரிக்கை மாற்றியபோது ஏற்கனவே திருத்திய பேப்பருக்கும் மார்க் தானாக மாறியது. அது பெர்க்லியில் டிஏக்களாக இருந்தவர்கள் தங்கள் கஷ்டத்துக்காகச் செய்யத் தொடங்கியது என்று பிறகு படித்தேன்.

அடுத்த வாரம் செக்‌ஷனில் அந்தக் கணக்கையே திரும்பப் போட்டேன். தப்பு விடையைப் போர்டில் எழுதி, கோணத்தை 90 டிகிரி ஆக்குங்கள் என்று மட்டும் சொன்னேன். தளம் சுவர் போல நெட்டுக்குத்தாக நிற்கிறது, கட்டை அதை அழுத்தவே இல்லை, ஆனால் இந்த விடைப்படி உராய்வு அப்படியே இருக்கிறது. முன்வரிசையில் ஒரு பெண் "அதெப்படி, தொடவே இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே காஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சிக்கல் ஒன்று. ஒரு மாணவர் ஆபிஸ் ஹவர்ஸில் வந்து இன்னும் 3 மார்க் வேண்டும், இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று கண் கலங்கினார். அவர் அப்பாவும் எனக்கு மெயில் போட்டிருக்கிறார்.

வைகைக்கரை:

அந்த 90 டிகிரி வகுப்பை வாழ்நாளுக்கும் வைத்துக்கொள்.

மார்க்குக்கு நீ தனியாக எதுவும் மாற்றாதே. ரீகிரேட் மனு போடச் சொல், அந்தக் கேள்வியைத் திருத்தியவர் ரூப்ரிக்கை வைத்துப் பார்ப்பார். ஒருவருக்கு இரக்கப்பட்டு ஏற்றினால், உன்னிடம் வந்து அழத் தெரியாத மற்ற மாணவர்களுக்கு அநியாயம் செய்கிறாய். ஸ்காலர்ஷிப் கவலையை அலட்சியம் செய்யாதே, அவரைப் புரொபசரிடமும் அட்வைசிங் ஆபிஸிடமும் நேராக அனுப்பு. அப்பா மெயிலுக்கு நீ மார்க் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. 1974-லிருந்து ஃபெர்பா சட்டம் இருக்கிறது, கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரம் மாணவருடைய உரிமை. மெயிலை அப்படியே புரொபசருக்கு அனுப்பிவிடு.

கொங்குநாடன்:

அப்படியானால் பெற்றோர் யாரிடம்தான் பேசுவது அம்மா?

வைகைக்கரை:

பையனிடம், சார். அவனை ஆபிஸ் ஹவர்ஸுக்குப் போகச் சொல்லுங்கள், டிஏவிடமும், கண்டிப்பாகப் புரொபசரிடமும். 300 பேர் வகுப்பில் புரொபசரின் ஆபிஸ் ஹவர்ஸ் மிட்டெர்ம் முந்தின நாள் தவிர பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். நீங்கள் கேட்ட அந்தப் பெரிய மனிதர் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பார். கட்டிய பணத்துக்கு அவரும் உங்கள் பையனுக்கு உண்டு, ஆனால் இவன்தான் கதவைத் தட்ட வேண்டும்.

தாமிரபரணி:

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் கூச்சமான விஷயம். இந்தப் புரொபசர் குழுவில்தான் ஆராய்ச்சி செய்ய ஆசை. ஃபைனலுக்குக் கூடுதல் பேப்பர் திருத்தச் சொல்கிறார், என் ஷீட்படி அந்த வாரம் 27 மணி ஆகிறது. முடியாது என்று எப்படிச் சொல்வது?

பனங்கூடல்:

இதற்காகத்தான் தம்பி சங்கம். விஸ்கான்சினில் டிஏக்கள் 1969-லேயே அங்கீகாரம் வாங்கி, 1970-ல் வேலைநிறுத்தம் செய்து முதல் ஒப்பந்தம் போட்டார்கள். வழிகாட்டியும் முதலாளியும் ஒரே ஆள் என்றால் தனியாளாக வாய் திறப்பது கஷ்டம், அது உம்முடைய குறை இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் சங்கம் இருக்கிறதா என்று பாரும்.

வைகைக்கரை:

முடியாது என்று சொல்லாதே, ஷீட்டைக் காட்டு. "விசாப்படி 20 மணிதான், இந்த வாரம் 27 வருகிறது, எதை விடட்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று இரண்டு வரி மெயில். நல்ல புரொபசர் உடனே சரி செய்வார், பாதிப் பேருக்கு இந்தக் கணக்கே தெரியாது. அவர் பதில் சொல்லவில்லை என்றால், டிபார்ட்மெண்டில் பிஎச்டி மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் கிராஜுவேட் டைரக்டரிடம் போ. அதற்கும் மேல் போக வேண்டி வந்தால் அந்தக் குழுவில் சேருவதைப் பற்றி இன்னொரு முறை யோசி, டிஏவின் நேரத்தை மதிக்காதவர் ஆராய்ச்சி மாணவரின் நேரத்தை மதிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

தாமிரபரணி:

அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, என் கேள்வியில் பாதியை அவரே திருத்துகிறாராம். ஃபைனலுக்கு முன் கடைசி செக்‌ஷன் இந்த வியாழன், சுழற்சி இயக்கம். நல்ல கணக்கு யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

ரைன்நதி:

ஒரு வளையமும் ஒரு திண்ம உருளையும் சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஒன்றாக உருள்கின்றன, எது முதலில் கீழே வரும்? எடை, ஆரம் எதுவும் சொல்லாமல் கொடு. முதலில் கையைத் தூக்கச் சொல், பாதிப் பேர் "எடை தெரியாமல் எப்படி" என்பார்கள். பேச விடு. நிஜமான வளையமும் உருளையும் ஒரு பலகையும் லேபில் கேட்டு வாங்கிப் போ, அவர்கள் கணக்குப் போட்டு முடிக்கும் வரை உருட்டிக் காட்டாதே.